ஸ்மோக்கி மலையில் கேபினா, ஆர்.வி.யா? பயணத்தைத் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

கிரேட் ஸ்மோக்கி மலைக்குப் போவது என்று முடிவானதுமே வீட்டில் எழும் முதல் கேள்வி, கேபின் (மலையோர வாடகை வீடு) எடுப்பதா, ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வாகன வீடு) எடுப்பதா என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. மலையின் எந்தப் பக்கத்தில் இரவு தங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால் சுமாரான கேபின்கூட நல்ல பயணத்தைத் தரும். அது தவறினால், எவ்வளவு அழகான கேபினாக இருந்தாலும் விடுமுறையில் பாதி காருக்குள் போய்விடும்.

காரணம் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் அமைப்பு. டென்னசி, வட கரோலினா என்ற இரு மாநிலங்களின் எல்லை மலைமுகட்டின் மேலேயே ஓடுகிறது. சுமார் 5.2 லட்சம் ஏக்கர் காடு, ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வருகைகள், அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் இதற்குத்தான் கூட்டம் அதிகம். ஆனால் காட்டை ஊடறுத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இருப்பது ஒரே சாலை: நியூஃபவுண்ட் கேப் ரோடு, அதாவது யு.எஸ். 441. டென்னசியில் கேட்லின்பர்க், கரோலினாவில் செரோக்கி, நடுவில் முப்பது மைலுக்குச் சற்று அதிகமான மலைப்பாதை. வெயில் நாளில் ஒரு மணி நேரம். அக்டோபர் சனிக்கிழமையில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் படி: மலையின் எந்தப் பக்கம்?

டென்னசி பக்கத்தில் செவியர்வில், பிஜன் ஃபோர்ஜ், கேட்லின்பர்க் மூன்றும் அடுத்தடுத்து ஒரே சாலையில் இருக்கின்றன. கேபின்கள் மிக அதிகம் இங்கேதான். டாலிவுட் கேளிக்கைப் பூங்கா, விளையாட்டு அரங்குகள், உணவகங்கள் எல்லாம் இங்கே. பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள், காட்டோடு கொஞ்சம் கேளிக்கையும் வேண்டும் என்றால் இந்தப் பக்கம் பொருந்தும். ஆனால் பூங்காவுக்குள் நுழைய ஒவ்வொரு நாளும் அந்த ஊர்களின் நெரிசலைக் கடந்தாக வேண்டும். கேட்லின்பர்க் ஊருக்குள் போகாமல் பூங்காவுக்குப் போக ஒரு பைபாஸ் சாலை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அதே டென்னசியில், மேற்கே தள்ளியிருக்கிறது டவுன்சென்ட். சிற்றூர். லிட்டில் ரிவர் ஆறு ஊரை ஒட்டியே ஓடுகிறது. கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்குக்கு இங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கேட்லின்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காட்டுக்காகவே போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது டவுன்சென்ட்தான். வேர்ஸ் வேலி இதற்கும் பிஜன் ஃபோர்ஜுக்கும் இடையில் உள்ள பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் போய்வர வசதி.

கரோலினா பக்கத்தில் செரோக்கி, பிரைசன் சிட்டி, கொஞ்சம் கிழக்கே மேகி வேலி. அட்லாண்டாவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பழக்கத்தால் கேட்லின்பர்க்கில் பதிவு செய்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு செரோக்கிதான் பக்கம்: ஐ-985, பிறகு யு.எஸ். 23/441 வழியாக சுமார் மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம், பிஜன் ஃபோர்ஜ் நெரிசலைக் கண்ணில் பார்க்கவே வேண்டாம். சார்லட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ஐ-40, பிறகு யு.எஸ். 74 என்று இந்தப் பக்கமே எளிது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மாநில எல்லையை ஒட்டிய பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-40 நெடுஞ்சாலையையே அரித்துக்கொண்டு போனது. அந்த வழியாக டென்னசிக்குள் போவதாக இருந்தால் புறப்படும் வாரத்தில் சாலை நிலவரம் பாருங்கள்.

செரோக்கி என்பது வெறும் சுற்றுலா ஊர் அல்ல. அமெரிக்கப் பூர்வகுடிகளான கிழக்குச் செரோக்கி மக்களின் சொந்த மண். அங்கே உள்ள செரோக்கி மக்கள் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். இந்த மலைகளை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கும், இவை யாருடைய மலைகள் என்று தெரிந்துகொண்டு பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எந்த மாதம்

ஏப்ரல் காட்டுப்பூக்களின் மாதம். கூட்டம் குறைவு, இரவில் குளிர் உண்டு. மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை எல்க்மான்ட் பகுதியில் மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணையும். ஆயிரக்கணக்கான பூச்சிகள் சேர்ந்து இருளைத் திறந்து மூடுவதைப் பார்க்க இடம் கிடைப்பது அரிது: பூங்கா நிர்வாகம் குறிப்பிட்ட எட்டு இரவுகளுக்கு மட்டும் குலுக்கல் முறையில் வாகன அனுமதி தருகிறது. குலுக்கலுக்கான விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் திறக்கும். அந்த நாட்களில் எல்க்மான்ட் முகாமில் இடம் பதிவு செய்திருப்பவர்களுக்குக் குலுக்கல் தேவையில்லை. ஆறு மாதம் முன்பே அந்த இடங்கள் பறந்துவிடுவதற்கு அதுதான் காரணம்.

ஜூலை, ஆகஸ்ட் நம் குடும்பங்களுக்கு வசதியான மாதங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள், பள்ளி விடுமுறை. அடிவாரத்தில் வெயிலும் புழுக்கமும் இருக்கும், பிற்பகலில் இடியோடு மழை வரும். மலை உச்சி அடிவாரத்தைவிட 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர்ச்சி. இலை நிறம் மாறுவது செப்டம்பர் கடைசியில் உச்சியில் தொடங்கி, நவம்பர் தொடக்கத்துக்குள் மெல்ல அடிவாரத்துக்கு இறங்கும். அக்டோபர் வார இறுதியில் எல்லாமே இரட்டிப்பு: விலை, கூட்டம், காத்திருப்பு. அக்டோபரில்தான் போக வேண்டும் என்றால் திங்கள் முதல் வியாழன் வரை போங்கள்.

குளிர்காலம் கேபினுக்கு மட்டும்தான். ஆர்.வி.யின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிடும், பனி பெய்தால் நியூஃபவுண்ட் கேப் சாலையையே மூடிவிடுவார்கள்.

கேபினா, ஆர்.வி.யா: இப்போது தீர்மானிக்கலாம்

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். பூங்காவுக்குள் வாடகைக்கு கேபின் கிடையாது. விதிவிலக்கு லெகான்ட் லாட்ஜ் ஒன்றுதான். மலை உச்சிக்கு அருகே இருக்கும் அந்த இடத்துக்குக் கார் போகாது. மிகக் குறைந்த தூரப் பாதையே ஐந்து மைலுக்கு மேல் ஏற்றம், மின்சாரமும் குளியலறையும் இல்லை, லாட்ஜுக்கான சாமான்களை லாமா விலங்குகள் சுமந்து போகின்றன. மற்ற கேபின்கள் எல்லாம் பூங்காவுக்கு வெளியே, தனியார் நிலத்தில். ஆக, கேபின் என்றால் தினமும் காட்டுக்குப் போய்த் திரும்புவது. ஆர்.வி. என்றால் காட்டுக்குள்ளேயே தூங்கலாம்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் கூட வந்தால் கேபின். இரவில் எழுந்து போக நல்ல கழிவறை, நிமிர்ந்து நடக்க இடம், சமைக்கச் சமையலறை, மழை பெய்தால் உட்கார ஒரு கூடம் எல்லாம் இருக்கும். ஆர்.வி.யின் மேல்படுக்கையில் ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்கு முடியாத காரியம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனாலும் கேபின்தான் கட்டுப்படியாகும்.

கணவன், மனைவி, ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் என்றால் ஆர்.வி.யை மனமாரப் பரிந்துரைப்பேன். ஓடைச் சத்தத்தில் தூங்கி, காலையில் கதவைத் திறந்ததும் காட்டில் கால் வைக்கும் அனுபவம் பிள்ளைகளுக்கு வேறு எதிலும் கிடைக்காது. ஒரு நிபந்தனை: கூடவே ஒரு கார் இருந்தால் நல்லது. நடைபாதைகளின் வாகன நிறுத்தங்களில் முப்பதடி வண்டிக்கு இடம் கிடைப்பது கடினம்.

கேபின் பதிவு செய்யும்போது

படங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் சாலையைக் கேளுங்கள். கேபின்கள் பல செங்குத்தான சரிவில் கட்டப்பட்டவை. கடைசி அரை மைல் ஜல்லிப் பாதையாக, ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்தில் இருக்கலாம். பாதை தார் போட்டதா, சாதாரண செடான் கார் ஏறுமா, குளிர்காலத்தில் நான்கு சக்கர இழுவை தேவையா, எத்தனை கார்களுக்கு இடம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பூங்காவிலிருந்து சில நிமிடம்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். பூங்காவின் எந்த நுழைவாயில் என்று கேட்டு, வரைபடத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது படிக்கட்டு. மலைச்சரிவுக் கேபின்கள் இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். வாசல் ஒரு தளத்தில், படுக்கையறை வேறு தளத்தில். காரிலிருந்து வாசலுக்கு எத்தனை படி, வாசல் தளத்திலேயே ஒரு படுக்கையறையும் குளியலறையும் உண்டா என்று பெரியவர்களுக்காகக் கேளுங்கள். "8 பேர் தங்கலாம்" என்பதில் சோஃபா படுக்கைகளும் கதவில்லாத பரணும் சேர்ந்திருக்கும். படுக்கைகளை எண்ணாதீர்கள், கதவுள்ள அறைகளை எண்ணுங்கள்.

விலையை எப்போதும் கடைசித் திரையில் பாருங்கள். ஓர் இரவுக்கு என்று காட்டும் தொகையோடு சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம், மாநில, உள்ளூர் வரிகள் சேரும். இரண்டு இரவுக்கு எடுத்தால் இவை கனமாக விழும், நான்கு இரவில் பரவி லேசாகும். ரத்து விதிகளையும் அப்போதே படியுங்கள்.

மலைக்காட்சிக் கேபின், ஆற்றங்கரைக் கேபின் இரண்டில் எது? காட்சி வேண்டுமானால் உயரத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொரு முறை பால் வாங்கவும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். பிள்ளைகள் இருந்தால் ஆற்றங்கரைதான் என் தேர்வு. நாள் முழுக்க அவர்களுக்கு வேறு விளையாட்டே வேண்டாம்.

வந்து சேர்ந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். 2016 நவம்பர் 28 இரவு, சிம்னி டாப்ஸ் மலையில் பிடித்த காட்டுத்தீ பலத்த காற்றில் கேட்லின்பர்க்குக்குள் இறங்கியது. 14 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான கட்டடங்கள் எரிந்தன, சேதமடைந்தன. அதனால் காரை வெளியே பார்த்த மாதிரி நிறுத்துங்கள், வெளியேறும் வழியைப் பகலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சாவி எங்கே என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். முதல் நாள் இருட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான். கேபின்காரர் அனுப்பும் வழிக்குறிப்பை அச்செடுத்து வையுங்கள். கடைசி மைல்களில் கைபேசி சிக்னல் போய்விடும்.

ஆர்.வி. எடுக்கும்போது

முதல் தடவை என்றால் 'கிளாஸ் சி' வகை போதும். முன்புறம் வேன் மாதிரி இருக்கும், ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை. 25 அடிக்குள் எடுங்கள். சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும், ஆனால் வண்டி எடுக்கும் அன்றே மலை ஏறாதீர்கள். ஒரு காலியான கடை வாசலில் திரும்பவும் பின்னால் எடுக்கவும் அரை மணி நேரம் பழகுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் கட்டாயம் கீழே இறங்கி நின்று கை காட்ட வேண்டும்.

வாடகையில் நாள் கட்டணம் ஒரு பகுதி மட்டுமே. இத்தனை மைலுக்கு மேல் மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு, தொட்டியைக் காலி செய்யாமல் திருப்பினால் இவ்வளவு என்று தனித்தனியாக வரும். காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்: கிரெடிட் கார்டு தரும் வாடகைக்கார் காப்பீடு பெரும்பாலும் ஆர்.வி.யை ஏற்காது, உங்கள் சொந்தக் கார் காப்பீடும் ஏற்குமா என்று முன்பே தொலைபேசியில் கேளுங்கள். வண்டியைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். தண்ணீர் நிரப்புவது, வெந்நீர், ப்ரொபேன் எரிவாயு, குளிர்பெட்டி, கழிவு வெளியேற்றுவது இவற்றை அவர்கள் செய்து காட்டும்போது கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முகாம். பூங்காவின் உள்ளே வண்டி போகும் முகாம்கள் பத்து. அவற்றில் எதிலும் மின் இணைப்பு கிடையாது, தண்ணீர்க் குழாய் இணைப்பு கிடையாது, குளிக்க ஷவர் கிடையாது. குளிர்ந்த தண்ணீர் வரும் கழிவறைகள் உண்டு. ஓர் இரவுக்கு 30 டாலர் அளவில் ஆகும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஆறு மாதம் முன்பிருந்து பதிவு செய்யலாம். ஓர் இடத்தில் ஆறு பேர் வரைதான். இரண்டு குடும்பம் என்றால் பக்கத்துப் பக்கத்து இடங்களாக இரண்டு எடுங்கள்.

முகாம்களின் பெயர் தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. கேட்ஸ் கோவ், ஸ்மோக்மான்ட் இரண்டும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், பெரிய வண்டிகளையும் ஏற்கும், கழிவு வெளியேற்றும் இடமும் உண்டு. எல்க்மான்ட் மிகப் பெரியது, ஓடைக்கரையில் இருக்கிறது, 35 அடி வரை ஏற்கும். டீப் கிரீக் பிரைசன் சிட்டியை ஒட்டியது. டியூபில் உட்கார்ந்து ஓடையில் மிதந்து வரும் விளையாட்டுக்குப் பெயர் போனது. காஸ்பியில் கூட்டம் குறைவு, வண்டி 25 அடிக்குள் இருக்க வேண்டும். பிக் கிரீக் கூடாரத்துக்கு மட்டும். உங்கள் வண்டியின் நீளத்தை முன் பம்பர் முதல் பின் ஏணி வரை அளந்து, பதிவுப் பக்கத்தில் அந்தக் குறிப்பிட்ட இடத்துக்கு எழுதியிருக்கும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். முகாமின் பொது அளவை மட்டும் நம்பினால் போதாது.

இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பயணத் தேதி நெருங்கும்போது பலர் ரத்து செய்வார்கள். அதே தளத்தில் இடம் காலியானால் அறிவிப்பு வரும்படி வைக்கலாம்.

ஜூலையில், அதுவும் ஏ.சி. இல்லாமல் தூங்காதவர்கள் உடன் வந்தால், பூங்காவுக்கு வெளியே டவுன்சென்ட், செரோக்கி பகுதிகளில் மின்சாரம், தண்ணீர், கழிவு இணைப்பு மூன்றும் தரும் தனியார் முகாம்கள் உண்டு. நான் சொல்வது ஒரு கலவை: இரண்டு இரவு பூங்காவுக்குள், பிறகு ஓர் இரவு வெளியே தனியார் முகாமில். குளித்து, துணி துவைத்து, தொட்டிகளைக் காலி செய்து புறப்படலாம்.

மின்சாரக் கணக்கு நம் சமையலுக்கு முக்கியம். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏ.சி. ஓடும்போதே கிட்டத்தட்ட பாதி போய்விடும். அதோடு இண்டக்ஷன் அடுப்பும் மைக்ரோவேவும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அரிசி குக்கரை வைக்கும் நேரம் ஏ.சி.யை நிறுத்துங்கள், அல்லது சமையலை ப்ரொபேன் அடுப்பிலேயே முடியுங்கள். பூங்கா முகாம்களில் ஜெனரேட்டர் காலை 8 முதல் இரவு 8 வரைதான். சில வரிசைகளில் ஜெனரேட்டரே கூடாது. பதிவு செய்யும்போது வரிசையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர், கழிவறைத் தொட்டி. காலி செய்யும்போது கையுறை போட்டுக்கொண்டு, கழிவறைத் தொட்டியை முதலில் திறங்கள், பிறகு கழுவிய தண்ணீர்த் தொட்டி. பின்னது குழாயைக் கழுவிவிடும். இணைப்பு உள்ள முகாமில் கழிவறைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைக்காதீர்கள், தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மற்றது உள்ளே இறுகிவிடும். எண்ணெய், சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை எதையும் தொட்டியில் விடக்கூடாது. பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் தண்ணீரும் மிச்சம், துர்நாற்றமும் இல்லை.

மலைப்பாதையில் பெரிய வண்டி

கேட்லின்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி. நியூஃபவுண்ட் கேப் 5,046 அடி. பதினாறு மைலுக்குள் இந்த ஏற்றம். ஏறுவது கடினமில்லை, இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றுங்கள், இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். ஏறும் முன்பே எரிபொருள் நிரப்பிவிடுங்கள், பூங்காவுக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது.

ரோரிங் ஃபோர்க் சுற்றுப்பாதையிலும் ரிச் மவுண்டன் சாலையிலும் ஆர்.வி.க்கு அனுமதி இல்லை. அட்லாண்டா பக்கமிருந்து டவுன்சென்ட் வரும்போது வழிகாட்டிச் செயலி யு.எஸ். 129-இல் திருப்பிவிட்டால் மறுத்துவிடுங்கள். 11 மைலில் 318 வளைவுகள் என்று பெயர் பெற்ற சாலை அது, மோட்டார் சைக்கிள்காரர்களுக்கானது. பின்னிருக்கைப் பிள்ளைகளுக்கு எந்த மலைப்பாதையிலும் வயிற்றைப் புரட்டும். புறப்படும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், வாந்திப் பைகளைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

சாப்பாடும் கரடிகளும்

இந்தப் பூங்காவில் சுமார் 1,900 கருங்கரடிகள் இருப்பதாகப் பூங்கா நிர்வாகம் சொல்கிறது. சதுர மைலுக்கு இரண்டு. அவற்றின் மூக்கைப் பற்றி நம்மவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் நம் சமையலின் வாசனை தூரம் போகும். மனிதச் சாப்பாட்டை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அந்தக் கரடியைக் கொல்ல வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். நாம் மேசையில் விட்டுப்போன ஒரு புளியோதரைப் பொட்டலத்துக்கு அது கொடுக்கும் விலை அது.

பூங்கா முகாமில் விதி: சாப்பிடாத நேரத்தில் உணவு, குளிர்பெட்டி, அடுப்பு, எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரம், சோப்பு, பற்பசை எல்லாம் ஆர்.வி.க்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ. கூடாரத்துக்குள் பிஸ்கட் கூட கூடாது. கேபின் பகுதியில் நிலைமை வேறு: அங்கே கரடிகள் கார்க் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்கப் பழகியவை. அதனால் காரில் எதுவும் விடாமல் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய், காரைப் பூட்டுங்கள். குப்பையை கரடி திறக்க முடியாத பெட்டியில் போட்டுக் கொக்கி மாட்டுங்கள். கரடியை எங்கே பார்த்தாலும் 50 கஜத் தொலைவு சட்டப்படி கட்டாயம், கரோலினா பக்கம் புல்வெளிகளில் மேயும் எல்க் மான்களுக்கும் அதே விதிதான்.

சமையலைப் பொறுத்தவரை என் யோசனை, தாளிப்பை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கேபின் சமையலறைகளில் பல புகைபோக்கிகள் காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே சுற்றவிடும். கடுகும் மிளகாயும் வெடித்தால் புகை அலாரம் அலறும். புளிக்காய்ச்சல், வதக்கிய தொக்கு, வறுத்துப் பொடித்த பருப்புப் பொடி, இட்லிப் பொடி இவற்றை எடுத்துப் போனால் அங்கே சோறும் அப்பளமும் ஆம்லெட்டும் போதும். தோசை மாவைப் பாதிக்கு மேல் பாத்திரத்தில் நிரப்பாதீர்கள். வெயில் காரில் பொங்கி வழியும். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் புறப்படும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். பெரும்பாலான முகாம்கள் சுமார் 2,000 அடியில்தான் இருக்கின்றன, எனவே பருப்பு வேகக் கூடுதல் நேரம் என்ற கவலை வேண்டாம்.

நெருப்பு மூட்டும் விறகை வீட்டிலிருந்து கொண்டு போகக் கூடாது. விறகோடு பூச்சிகள் ஒளிந்து வரும். வெளியிலிருந்து வந்து சேர்ந்த பூச்சிகள் இந்தக் காட்டின் ஆஷ் மரங்களையும் ஹெம்லாக் மரங்களையும் கொன்று வருகின்றன, ஃப்ரேசர் ஃபிர் மரங்களை ஏற்கெனவே கொன்ற சுவடு உச்சியில் வெள்ளை எலும்பாக நிற்கிறது. வெப்பமூட்டிச் சான்று பெற்ற விறகு அங்கேயே விற்கிறார்கள். அதை வாங்குங்கள், அல்லது காட்டில் காய்ந்து விழுந்து கிடப்பதைப் பொறுக்கலாம்.

நாட்களை அடுக்குவது

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. டென்னசி தன் சாலையைப் பூங்காவுக்குக் கொடுத்தபோது சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று போட்ட நிபந்தனை அதற்குக் காரணம். ஆனால் 2023 மார்ச் முதல், 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்த அனுமதிச் சீட்டு வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. மூன்று இரவுப் பயணத்துக்கு வாரச் சீட்டு சரியாக இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வையுங்கள். கேட்ஸ் கோவ் ஒரு நாள், மலை உச்சி ஒரு நாள். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம்.

கேட்ஸ் கோவ் சுற்று 11 மைல், ஒருவழிப் பாதை. வாயில் சூரிய உதயத்தில் திறக்கும், அப்போதே உள்ளே இருக்கப் பாருங்கள். மூடுபனி படுத்திருக்கும் புல்வெளி, மான், சில நாள் கரடியும் தென்படும். பத்து மணிக்குப் பிறகு போனால் முன்னால் போகும் கார் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். மே முதல் செப்டம்பர் வரை புதன்கிழமைகளில் கார் அனுமதி இல்லை. முகாம் கடையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. வழியில் உள்ள மரவீடுகளும் தேவாலயங்களும், 1934-இல் இந்தப் பூங்கா உருவானபோது நிலத்தை விட்டுப் போன குடும்பங்களுடையவை. இறங்கி உள்ளே போய்ப் பாருங்கள்.

மலை உச்சி நாளில் நியூஃபவுண்ட் கேப், பிறகு அங்கிருந்து ஏழு மைல் கிளைச்சாலையில் குவோஹி. 6,643 அடி, பூங்காவின் மிக உயர்ந்த இடம். 2024 செப்டம்பரில்தான் செரோக்கிப் பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது, பழைய வரைபடங்களில் கிளிங்மன்ஸ் டோம் என்று இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை இந்தக் கிளைச்சாலை மூடியிருக்கும். வாகன நிறுத்தத்திலிருந்து காட்சிக் கோபுரம் வரை அரை மைல்தான், ஆனால் செங்குத்து, மூச்சு வாங்கும். இதய நோயாளிகளையும் முழங்கால் வலிக்காரர்களையும் ஏற்ற வேண்டாம். வாகன நிறுத்தத்தின் ஓரத்திலிருந்தே மலைவரிசை அழகாகத் தெரியும், ஒரு மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க் காபியும் கொடுத்து அவர்களை அங்கே உட்காரவைக்கலாம். ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுங்கள்.

பெரியவர்கள் நடக்கச் சமதளம் வேண்டும் என்றால் செரோக்கி பக்கம் ஓக்கோனாலஃப்டி ஆற்றோரப் பாதை, டீப் கிரீக்கில் டாம் பிராஞ்ச் அருவி வரை போகும் கால் மைல் பாதை, கேட்லின்பர்க் பக்கம் சுகர்லேண்ட்ஸ் பார்வையாளர் மையத்துக்கு அருகே கேட்டராக்ட் அருவி. நன்றாக நடப்பவர்களுக்கு ஆலம் கேவ் பிளஃப்ஸ், ஒரு பக்கம் 2.3 மைல், அல்லது அருவியின் பின்னாலேயே பாதை போகும் கிராட்டோ அருவி, ஒரு பக்கம் 1.4 மைல்.

தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நிற்பதுபோல் இங்கே அருவியடியில் நிற்கக் கூடாது. பாறைகள் பாசி படர்ந்து வழுக்கும், கம்பி பிடிக்க இருக்காது, ஏறி விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. உச்சியில் ஆண்டுக்கு சுமார் 85 அங்குல மழை. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே காட்டாறாக வெள்ளம் வரும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது நிறம் கலங்கினால், சத்தம் கூடினால், உடனே கரையேற்றுங்கள். சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய, எனவே வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்து, போகும் பாதையின் பெயரைத் தங்குமிடத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கிளம்பும் நாள்

கேபினை வழக்கமாகக் காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும், முந்தின இரவே பெட்டி கட்டிவிடுங்கள். ஆர்.வி. என்றால் கூரையின் மேல் துவாரங்களை மூடி, படியை உள்ளே இழுத்து, அலமாரிக் கதவுகளைக் கொக்கி போட்டு, ஒருவர் வண்டியை முழுதாக ஒருமுறை சுற்றி வரட்டும். கழிவு வெளியேற்றும் இடத்தில் ஞாயிறு காலை நீண்ட வரிசை இருக்கும். ஏழு மணிக்கு முன்பே போய்விட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டியைத் திருப்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்த ஊரை அடையும்படி கணக்குப் போடுங்கள். வழியில் எரிபொருளும் ப்ரொபேனும் நிரப்ப வேண்டும், அட்லாண்டாவுக்குள் ஞாயிறு மாலை நெரிசலும் இருக்கும்.